எத்தனை மரபணு? எண்ணும் முன் நாற்றைப் பார்

பீன்ஸ் காய் நீளத்தை எத்தனை மரபணு தீர்மானிக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கோத்தகிரிக்கு ஒரு மாணவன் வந்தான். "ரெண்டே ரெண்டுதான் சார்!" முகமெல்லாம் சிரிப்பு. எங்கே நட்டாய் என்றேன். "எஃப்-2 தோட்டத்துல, எஃப்-1 பாலிஹவுஸ்ல சார்." இரண்டு பெற்றோரைச் சேர்த்தால் வரும் முதல் தலைமுறை எஃப்-1; அது தனக்குள்ளேயே சேர்ந்து தரும் அடுத்த தலைமுறை எஃப்-2. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். ஸ்கேல் பிடிக்கத் தெரியாத தவறெல்லாம் தானே சரியாகிவிடும். அவை இங்கே வேண்டாம்; கணக்கையே கெடுக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

எஃப்-1 ஓரிடம், எஃப்-2 வேறிடம்

மரபணு எண்ணிக்கையைக் கணிக்க மரபியலாளர் காசில் 1921-இல் வெளியிட்ட, இன்னொரு மரபியலாளர் ரைட்டின் பெயரும் சேர்ந்த வாய்பாடு எளியது. பெற்றோர் சராசரிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, மரபணு பிரிவதால் வரும் வேரியன்ஸின் (சராசரியைச் சுற்றி நீளங்கள் சிதறும் அளவின்) எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். எஃப்-2 வேரியன்ஸில் மண்ணும் மழையும் கலந்திருக்கும். தூய வரிசைகளை (தலைமுறை மாறினாலும் குணம் மாறாத ரகங்களை) சேர்த்த எஃப்-1 செடிகள் மரபில் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றின் ஏற்ற இறக்கம் முழுக்க இடத்தின் வேலை. அதைக் கழித்துவிட வேண்டும்.

கையால் பூவைச் சேர்த்ததில் எனக்குக் கிடைத்த எஃப்-1 விதை கொஞ்சம்தான். வீட்டை ஒட்டிய மேல்படியில், எரு போட்ட ஒரே பாத்தியில் செல்லமாக நட்டேன். எஃப்-2வை இடம் போதாமல் மூன்று படிகளில் இறக்கினேன். நடுப்படியில் மேல்மண் கரைந்து சரளை தெரியும். கடைசிப் படி ஓடைக்கரை, பத்து மணிவரை மஞ்சு விலகாது. அங்கே காய் கொக்கிபோல் சுருண்டது.

பெற்றோர் 18, 10 செ.மீ. வித்தியாசம் 8, வர்க்கம் 64, எட்டால் வகுத்தால் 8. எஃப்-2 வேரியன்ஸ் 5, எஃப்-1 வேரியன்ஸ் 1, மிச்சம் 4. விடை 2! மறு போகம் எல்லாவற்றையும் ஒரே படியில் வரிசை மாற்றிக் கலந்து நட்டேன். எஃப்-1 அதே 1-இல் நிற்க, எஃப்-2 வேரியன்ஸ் 3-க்கு இறங்கி, விடை 4 ஆனது. இரண்டு மரபணுவை ஓடைக்கரை விழுங்கியிருந்தது. ஒரு போகக் கூலி போனது இன்னும் எரிகிறது.

எஃப்-1ஐக் கழிக்கவே மறப்பது

மன்னிப்பே கிடையாது.

விடையை நிஜ எண்ணிக்கை என்று நம்புவது

நீளம் கூட்டும் அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) எல்லாம் ஒரே பெற்றோரிடம், எல்லாவற்றுக்கும் சம பலம், ஒவ்வொன்றும் தனித்தனியே பிரியும் என்று வாய்பாடு எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அப்படி இருக்காது. 4 வந்தால் 'குறைந்தது 4' என்று படிக்கலாம். பீன்ஸுக்கு 11 ஜோடி குரோமோசோம். ஒன்றில் ஒட்டி உட்கார்ந்த இரண்டு மரபணு, வாய்பாட்டுக்கு ஒன்றுதான். நீளப் பெற்றோரையும் மிஞ்சும் காய்கள் எஃப்-2வில் தொங்கினால், குட்டைப் பெற்றோரிடமும் நீட்டும் அல்லீல் ஒளிந்திருக்கலாம்.

நாற்பது செடியில் பெற்றோரைத் தேடுவது

4 மரபணு என்றால் எஃப்-2வில் நீளப் பெற்றோர் மாதிரி வருவது 256 செடிக்கு 1.

உருளைக்கிழங்கில் முயல்வது

அதற்கு நான்கு தொகுதி குரோமோசோம்; வாய்பாடு இரண்டு தொகுதிக்கானது. வேண்டாம்.