கடலூர் மாடிக்கு சோலார்: பில் கணக்கிலிருந்து மானியம் வரை

மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் என்றதும் பல விற்பனையாளர்கள் 3 கிலோவாட்டிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இ.பி. பில்தான் சொல்ல வேண்டும். கடைசி ஆறு பில்களின் சராசரியை எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைக் கழித்து, மீதியை 240-ஆல் வகுங்கள்; வருவதுதான் உங்களுக்குத் தேவையான கிலோவாட். இந்தப் பக்கத்து வெயிலில் 1 கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. ஆக, 580 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும்.

அதற்கும் முன்னால் மின்விசிறிகளைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. எனும் மின்சிக்கன மோட்டார் உள்ள ஃபேன் சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் மட்டும் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். நான்கு ஃபேனை மாற்றிவிட்டால் அதே வீட்டுக்கு ஒன்றரை கிலோவாட்டுக்கு உள்ளேயே அடங்கிவிடும்.

மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2-க்கு 60,000, 3-க்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். இந்தப் பணம் வேலை முடிந்த பிறகே உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் முழுத் தொகைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். 3 கிலோவாட் வரை வங்கிகள் சொத்து அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் பெயரில். மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரிலேயே இருந்தால் முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்யுங்கள். மின் இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். போடப்போகும் சோலார் அளவுக்கு இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளு (லோடு) இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணோடு பதிவு செய்து, அங்கே பட்டியலில் உள்ள விற்பனையாளரையே தேர்ந்தெடுங்கள். பேனலும் அதனுள் மின்சாரம் தயாரிக்கும் செல்லும் இந்தியத் தயாரிப்பு என்பதைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். வெளிநாட்டு செல் என்றால் மானியம் கிடையாது. பேனல் பொருத்தி, நெட் மீட்டர் (வாங்கும் கரண்ட், கொடுக்கும் கரண்ட் இரண்டையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, மின்வாரிய ஆய்வு முடிந்து சான்று வந்ததும் வங்கி விவரத்தைப் பதிவேற்றுங்கள்.

கடலூரில் மிகவும் கவனிக்க வேண்டியது காற்றும் உப்பும். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என இரண்டு புயல்களும் இந்தக் கரையில்தான் ஏறின. புயல்காற்று பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். காங்கிரீட் கட்டைகளை வெறுமனே வைத்து அதன்மேல் ஸ்ட்ரக்சரை (பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை) நிறுத்துவதை ஏற்காதீர்கள்; தளத்தின் கம்பியோடு பிணைத்த பீடமோ கெமிக்கல் ஆங்கரோ (துளையில் பசையூற்றி இறுக்கும் போல்ட்) வேண்டும், துளையிட்ட இடத்தில் நீர்க்கசிவுத் தடுப்பும் வேண்டும். பக்கத்துப் புதுச்சேரிக்கு, கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875 தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்துக்குத்தான் வடிவமைத்தீர்களா என்று கேளுங்கள். கீழே நடமாடலாம் என்று உயரத் தூக்கிய ஸ்ட்ரக்சருக்கு இது இன்னும் அவசியம்.

இரும்பு முழுதும் ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தல்) செய்ததாகவும், போல்ட் நட்டுகள் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். மாடியில் வைத்து அறுத்த, துளையிட்ட இடங்களில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால் துரு அங்கேதான் தொடங்கும். துத்தநாகப் பெயின்ட் அடிக்காமல் வேலையாட்களை அனுப்பாதீர்கள். டி.சி. (பேனல் பக்கம்), ஏ.சி. (வீட்டு லைன் பக்கம்), இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி. பேனலைத் தெற்கு பார்த்து சுமார் 12 டிகிரி சாய்வில் வையுங்கள். தென்னை ஓலையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் வரிசை முழுதும் உற்பத்தி குறையும்.

புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் சோலார் கைகொடுக்காது. கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, லைனில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் (டி.சி.யை ஏ.சி.யாக மாற்றும் கருவி) தானே நின்றுவிடும். அந்த நாள்களுக்கும் வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியோடும் இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. பேட்டரிக்கு மானியம் இல்லை; அந்தச் செலவு முழுதும் உங்களுடையது.

பேனலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில், கண்ணாடி சூடேறுமுன் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைக் கறை படியும். பிடித்துவைத்த மழைத்தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.