3+2 பிளிட்ஸில் வெள்ளைக்கு லண்டன் ஓப்பனிங்

பிளிட்ஸ் என்பது வேகச் சதுரங்கம் (செஸ்). அதில் 3+2 என்றால் ஆளுக்கு 3 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 2 வினாடி கூடுதல். ஓப்பனிங்கிலேயே, அதாவது தொடக்க நகர்வுகளிலேயே, ஒரு நிமிடத்தைத் தின்றுவிட்டால் நடு ஆட்டத்தில் திணறுவீர்கள். லண்டன் முறையில் பெரும்பாலும் ஒரே கட்டங்களுக்கே காய்கள் போவதால், புதியவர்களுக்கு இதுவே ஏற்றது. 2023 உலக சாம்பியன்ஷிப்பின் 6-வது ஆட்டத்தில் டிங் லிரென் நெப்போம்னியாச்சியை வென்றதும் இந்த அமைப்பில்தான்.

படி 1: சிப்பாய் டி4 (டி வரிசையின் 4-ஆம் கட்டம்; மற்றவையும் இப்படியே).

படி 2: பிஷப் எஃப்4. இதற்கு முன் இ3 ஆடாதீர்கள். ஆடினால் இந்த பிஷப் தன் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே அடைபடும்.

படி 3: சிப்பாய்கள் இ3, சி3. குதிரைகள் எஃப்3, டி2. மற்ற பிஷப் டி3. பிறகு கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றுவது). கறுப்புக் குதிரை எச்5-க்கு வந்து எஃப்4 பிஷப்பைத் துரத்தும் என்று தெரிந்தால் முன்கூட்டியே எச்3 ஆடுங்கள், எச்2 புகலிடமாகும்.

கறுப்பு பிஷப் டி6-க்கு வந்தால் நம் பிஷப்பை ஜி3-க்கு இழுங்கள். அவர் வெட்டினால் எச் சிப்பாயால் வெட்டுங்கள். கேஸ்லிங் செய்யாதிருந்தால் யானைக்கு வழி திறக்கும்.

கறுப்பு சி5 ஆடியபின் அதன் ராணி பி6-க்கு வந்தால் குறி பி2 சிப்பாய். நம் ராணியை பி3-இல் எதிரே நிறுத்துங்கள். சி4 என்று துரத்தினால் தயங்காமல் ராணிகளை மாற்றிவிடுங்கள்.

பலரும் விழும் குழி இனிமேல்தான். இணையத்தில் ஆடும்போது இரண்டாம் நகர்வை ப்ரீமூவ் (எதிராளி ஆடும் முன்பே நம் நகர்வைப் போட்டு வைப்பது) போடவே வேண்டாம். டி4-க்கு இ5 என்று பதில் வந்தால் உங்கள் பிஷப் எஃப்4-இல் சும்மா வெட்டுப்படும். இ5 சிப்பாயை வெட்டுவதே சரி. அதன்பின் கறுப்பு குதிரை சி6, நீங்கள் குதிரை எஃப்3. கறுப்பு ராணி இ7, உங்கள் பிஷப் எஃப்4. ராணி பி4 செக், பிஷப் டி2. ராணி பி2 சிப்பாயை வெட்டும்.

இங்கே கை தானாகவே பிஷப்பை சி3-இல் வைக்கும். வைக்காதீர்கள்! கறுப்பு பிஷப் பி4-க்கு வந்து அதைக் கட்டிப்போடும். ராணியை டி2-இல் வைத்துக் காத்தாலும், அவர் சி3-இல் வெட்டியதும் ராணியால் திருப்பி வெட்டினால் சி1-இல் மேட். குதிரையால் வெட்டினால் ஏ1 யானை போகும். சரியான நகர்வு குதிரை சி3. பிஷப் பி4 வந்தால் யானை பி1, ராணி ஏ3-க்கு ஓடினால் குதிரை டி5. அடுத்து அது சி7-இல் ராஜாவையும் யானையையும் ஒருசேரத் தாக்கும்.

இந்த வரிசையைப் பலகையில் கையால் நகர்த்திப் பழகுங்கள். எட்டாவது நகர்வு முடியும்போது கடிகாரத்தில் 3 நிமிடம் குறையாமல் இருக்க வேண்டும்.