அம்பிகாபதி கதையைக் காலத்தோடு சேர்த்துப் படிக்கும் முறை

காதல் கதை ஒன்றின் வழியே சமூக மதிப்பீடுகளின் மாற்றத்தை ஆராய விரும்பும் சேலத்து வாசிப்பு வட்டங்கள் அம்பிகாபதி–அமராவதி கதையைத் தேர்ந்தெடுக்கலாம். 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அதன் திரைவடிவத்தைத் தயாரித்தது சேலம் சங்கர் பிலிம்ஸ் என்பதால், நம் ஊருக்கும் இதில் சற்று உரிமை உண்டு.

முதலில் செவிவழிக் கதையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். தன் மகள் அமராவதியை மணக்க வேண்டுமானால், கம்பர் மகன் அம்பிகாபதி சிற்றின்பம் கலவாத நூறு பாடல்களைப் பாட வேண்டும் என்பது சோழ மன்னன் விதித்த நிபந்தனை. தொடக்கத்தில் பாடும் கடவுள் வணக்கமான காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி முன்னதாகவே எட்டிப்பார்க்க, அவளைக் கண்டு காதற்பாட்டுப் பாடிய அம்பிகாபதி கொலைத்தண்டனை பெறுகிறான். இதனை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை.

அடுத்து, பிழை யாருடையது என்று கேளுங்கள். அதிக நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும். எண்ணிக்கைத் தவற்றைக் காரணமாகக் காட்டினால் பழி அமராவதியின் அவசரத்தின் மேல் விழுகிறது. நிபந்தனையையே கேள்விக்கு உட்படுத்தினாலோ, புலமையும் அரசகுலத்துக்கு ஈடாகாது என்ற பிறப்புப் பெருமையும், மகளின் விருப்பத்தைப் பொருட்படுத்தாத தந்தையின் அதிகாரமும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகின்றன. என் பார்வையில் இரண்டாவதே கதையின் உயிர்.

பிறகு எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 1937ஆம் ஆண்டுப் படத்தையும் சிவாஜி கணேசன் நடித்த 1957ஆம் ஆண்டுப் படத்தையும் ஒப்பிட்டு, அமராவதி தானாக எடுக்கும் முடிவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இறுதியாக, வயதுவந்த இருவரின் திருமணத்தில் குடும்பமோ சாதிப் பஞ்சாயத்தோ தலையிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் வழங்கிய தீர்ப்பைச் சோழனின் தீர்ப்புக்கு அருகில் வைத்து விவாதத்தைத் தொடங்குங்கள்.