அட்ராசினைச் சிதைக்கும் பாக்டீரியாவைத் தட்டில் கண்டுபிடிப்பது எப்படி?

மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கிற அட்ராசின் களைக்கொல்லியை மண்ணிலுள்ள சில பாக்டீரியாக்கள் முழுசாகவே சிதைத்துவிடும். ஒரு பெட்ரி தட்டிலேயே அவற்றை அடையாளம் காணலாம். அகார் காய்ச்சவும் மண்கரைசலை நீர்த்துப் பரப்பவும் தெரிந்திருந்தால் போதும்.

1. மண்: பல வருஷமாக அட்ராசின் அடித்த வயலின் மேல்மண் வேண்டும். அட்ராசினைச் சிதைப்பதில் புகழ்பெற்ற, 1995இல் ஆய்விதழில் வெளியான சூடோமோனாஸ் ஏ.டி.பி. என்ற பாக்டீரியா கிடைத்ததும் அமெரிக்காவின் மினசோட்டாவில் களைக்கொல்லி சிந்திய மண்ணில்தான்.

2. ஊடகம்: வழக்கமான தாது உப்புகளோடு, கார்பனுக்காக லிட்டருக்கு 1 கிராம் சோடியம் சிட்ரேட். அம்மோனியமும் நைட்ரேட்டும் அறவே கூடாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். அட்ராசின் மூலக்கூறின் நடுவிலுள்ள வளையத்தின் கார்பன் ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்தது. அதில் பாக்டீரியாவுக்கு ஆற்றல் கிடைக்காது. அதற்கு வேண்டியது மூலக்கூறிலுள்ள 5 நைட்ரஜன்கள். வேறு நைட்ரஜன் இருந்தால் கண்ட பாக்டீரியாவும் வளர்ந்து தட்டை மூடிவிடும்.

3. அட்ராசின்: ஒரு லிட்டர் அகாருக்கு 500 மி.கி. அதை மெத்தனாலில் கரைத்து, சூடு தணிந்த அகாரில் கலக்கியபடியே ஊற்றுங்கள். ஒரு லிட்டர் நீரில் சுமார் 33 மி.கி. மட்டுமே கரையும், மீதி நுண்படிகமாக நின்று தட்டு பால்போலக் கலங்கும். அந்தக் கலங்கல்தான் நமக்கு வேண்டும்; அட்ராசினைச் சிதைக்கும் பாக்டீரியாவைச் சுற்றி அது தெளிந்துவிடும். உரக்கடைத் தூள் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள நிரப்புப் பொருளின் கலங்கல் எந்த நொதிக்கும் தெளியாது. தூய அட்ராசினே வாங்குங்கள்.

4. பரப்பிய பிறகு: 30 டிகிரியில் சுமார் ஒரு வாரம். பாக்டீரியாக் கூட்டம் வளர்ந்தால் மட்டும் போதாது, சுற்றிலும் தெளிவான வளையம் இருக்க வேண்டும். சாதாரண அகாரில் ஒட்டியிருக்கும் துளி நைட்ரஜனிலேயே சில பாக்டீரியாக்கள் வளர்ந்துவிடும். அதனால் என் ஓட்டு சுத்திகரித்த அகாருக்கு.

ஏ.டி.பி.யில் நடப்பது இது: ஏ.டி.இசட்-ஏ நொதி குளோரினைக் கழற்றி, நீரிலிருந்து ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை வைக்கிறது. அந்தக் கணமே களைக்கொல்லும் வீரியம் போய்விடும். அப்புறம் பி, சி நொதிகள் இரண்டு அமீன் கிளைகளையும் வெட்டிவிட, சயனூரிக் அமிலம் மிஞ்சும். டி நொதி மூலக்கூறின் வளையத்தைத் திறக்கிறது. இ, எஃப் இரண்டும் மிச்சத்தை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் முடிக்கின்றன.

பின்சேர்க்கை: மறுவளர்ப்பில் (கூட்டத்தை எடுத்துப் புதுத் தட்டில் வளர்க்கும்போது) தெளிவான வளையம் வரவில்லை என்று ஒரு மாணவி கேட்டிருந்தார். இந்த நொதிகளுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிடில், அதாவது முதன்மை டி.என்.ஏ.விலிருந்து தனித்து நிற்கும் டி.என்.ஏ. வளையத்தில் இருப்பவை. சத்து நிறைந்த ஊடகத்தில் வளர்த்தால் எளிதில் தொலைந்துபோகும். ஒவ்வொரு முறையும் அட்ராசின் தட்டிலேயே மறுவளர்ப்புச் செய்யுங்கள்.