கடன் பாக்கியோடு செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை வேலைக்கோ, அத்துறைக்கு ஒப்பந்தப் பணி செய்யும் நிறுவனத்துக்கோ போனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி, கேட்பார்கள். குடியுரிமை வாங்கிவிட்டு இந்த வேலைகளுக்கு முயற்சி செய்யும் நம்மவர்கள் வெளிநாட்டில் இருக்கும் சொந்தபந்தங்களை நினைத்துத்தான் அதிகம் கவலைப்படுகிறார்கள். அதைப் பற்றியும் கேட்பார்கள்தான். ஆனால் கிளியரன்ஸ் மறுக்கப்படும் காரணங்களில் முன்வரிசையில் நிற்பது கட்டாமல் விட்ட கடன்.

படி 1: எதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளில் 13 அளவுகோல்கள் இருக்கின்றன. பண விஷயம் அதில் ‘எஃப்’. கடனில் தவிப்பவரை விலைக்கு வாங்குவது சுலபம் என்பது ஒரு கவலை. சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985-இல் சோவியத் தூதரகத்துக்கு ரகசியங்களைக் கொடுத்துப் பணம் கேட்டதற்குக் கடன் நெருக்கடியும் ஒரு காரணம், 1994-இல்தான் கைதானார். சொந்தக் கணக்கையே ஒழுங்காக வைத்துக்கொள்ளாதவர் ரகசியங்களை எப்படிக் காப்பார் என்பது இன்னொரு கவலை.

இத்தனை டாலருக்கு மேல் கடன் இருந்தால் கிடையாது என்று எந்த வரம்பும் இல்லை. வீட்டுக் கடனைத் தவறாமல் கட்டுகிறவருக்கு அதனால் பிரச்சினை வராது. சில ஆயிரம் டாலர் பாக்கியை வருஷக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டவருக்கு வரும்.

படி 2: அவர்களுக்கு முன் உங்கள் ரிப்போர்ட்டை நீங்கள் பாருங்கள்

ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கடன் தகவல் நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் (உங்கள் கடன் வரலாறு) ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுங்கள், ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லாமல் போகலாம். யாருடைய கடனுக்காவது நீங்களும் பொறுப்பேற்றுக் கோ-சைன் போட்டிருந்தால் அந்தக் கடனும் உங்கள் பெயரில்தான் நிற்கும்.

ஒரே பாக்கி இரண்டு பெயரில் தெரிந்தால் பதறாதீர்கள். வங்கி அதைக் கலெக்ஷன் ஏஜென்சிக்கு (கடன் வசூலிக்கும் நிறுவனம்) விற்றிருக்கும். இப்போது கடன் யார் கையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். உங்களுடையதே இல்லாத கடன் என்றால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கட்டத் தொடங்குங்கள்

முக்கியமான வேலை இதுதான். நிறையப் பேர் தடுமாறுவதும் இங்கேதான்.

‘சார்ஜ்-ஆஃப்’ என்று போட்டிருந்தால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது வங்கி தன் கணக்குப் புத்தகத்துக்காகச் செய்வது. நீங்கள் கொடுக்க வேண்டியது அப்படியேதான் இருக்கிறது. ஏழு வருஷம் ஆனால் ரிப்போர்ட்டிலிருந்து போய்விடும், மாநிலச் சட்டப்படி வழக்குப் போடும் காலமும் முடிந்துவிடும் என்று காத்திருப்பது அதைவிட மோசம். நீதிமன்றத்தில் அந்த வாதம் செல்லலாம். கிளியரன்ஸ் விசாரணையில் அதை நாணயமான முயற்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சரி, மொத்தத்தையும் அடைத்தாக வேண்டுமா? வேண்டாம். நம்பத்தக்க ஒரு திட்டமும் அதன்படி நடந்ததற்கான அடையாளமும் போதும். உதாரணமாக, போன் பாக்கி 240 டாலர், மருத்துவமனைக்கு 1,800, கிரெடிட் கார்டில் 6,400 என்று வைத்துக்கொள்வோம். போன் பாக்கியை இன்றைக்கே முடித்துவிடுங்கள். மருத்துவமனையிடம் மாதத் தவணை கேளுங்கள். கார்டு நிறுவனம் குறைந்த தொகைக்கு ஒத்துக்கொண்டால் அதுவும் சரி, ஆனால் கடிதம் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள். ‘வேலை கிடைத்ததும் கட்டுகிறேன்’ என்ற வாக்குறுதிக்கு அங்கே மதிப்பு இல்லை. ஆறு மாத ரசீதுக்கு உண்டு.

வருமான வரி தனி விஷயம். கட்டப் பணம் இல்லாவிட்டாலும் ரிட்டர்னைத் தாக்கல் செய்துவிட்டு, வருமான வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் தவணை கேளுங்கள். தாக்கலே செய்யாமல் விட்டவர்களிடம் கடுமையாக நடந்துகொள்கிறார்கள்.

படி 4: படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள்

கிளியரன்ஸுக்கு நீங்களாகவே விண்ணப்பிக்க முடியாது. வேலை தரும் இடம் முன்மொழிய வேண்டும். அப்புறம் வரும் எஸ்எஃப்-86 படிவத்தின் 26-ஆம் பகுதி பண விவகாரத்துக்கானது. கடந்த ஏழு வருஷத்தில் திவால், கலெக்ஷனுக்குப் போன கடன், 120 நாளுக்கு மேல் நின்ற பாக்கி எல்லாம் அதில் கேட்கப்படும். சூதாட்டத்தால் வந்த பணச் சிக்கலுக்கு ஏழு வருஷக் கணக்கு இல்லை, எப்போதாவது வந்ததா என்றே கேட்பார்கள். ‘கட்டி முடித்துவிட்டேனே’ என்று விட்டுவிடாதீர்கள், முடிந்துபோனதையும் கேட்கிறார்கள்.

விளக்கம் எழுதும் இடத்தில் கதை வேண்டாம். இந்த மாதிரி எழுதினால் போதும்: “2023 மார்ச்சில் வேலை போனது. அறுவை சிகிச்சைக் கட்டணம் 1,800 டாலர் பாக்கி ஆனது. செப்டம்பரில் வேலை கிடைத்ததும் தவணை பேசினேன். மாதம் 150 டாலர் கட்டி வருகிறேன், ரசீதுகள் உள்ளன.”

வேலை இழப்பு, நோய், விவாகரத்து போன்ற கைமீறிய காரணங்களை விதிகளே ஏற்கின்றன. கூடவே, அந்த நேரத்தில் நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்றும் பார்ப்பார்கள். பாக்கியை வேண்டுமென்றே மறைத்தால், கடனோடு பொய்யும் சேர்ந்து ‘இ’ என்ற நடத்தை அளவுகோலிலும் மாட்டிக்கொள்வீர்கள். என்னைக் கேட்டால், கடனிலிருந்து மீள்வதைவிட அந்தப் பொய்யிலிருந்து மீள்வதுதான் கஷ்டம்.

படி 5: காரண அறிக்கை வந்தால்

மறுக்கும் எண்ணம் இருந்தால், ஒவ்வொரு கடனையும் வரிசையாகப் போட்டு அறிக்கை அனுப்புவார்கள். ஒப்பந்த நிறுவன ஊழியர்களுக்குப் பதில் தர வழக்கமாக 20 நாள். ஒவ்வொரு வரிக்கும் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுதி, ரசீதுகளை இணையுங்கள். நீதிபதி முன் நேரில் பேச விரும்பினால் அந்தப் பதிலிலேயே கேட்டுவிடுங்கள். முதல் தவணையையே இந்த அறிக்கை வந்த பிறகு கட்டினால் அதற்கு எடை குறைவு. பெரிய தொகை என்றால் இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரிடம் போவது நல்லது.

கிளியரன்ஸ் கிடைத்த பிறகும் கண்காணிப்பு தொடரும். திவால் மனுப் போட்டாலோ, ஏதாவது பாக்கி 120 நாளைத் தாண்டினாலோ, நிறுவனத்தின் செக்யூரிட்டி அதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லியாக வேண்டும்.