பிரீமியம் கூடினால் எதை வெட்டுவது? மலையக வீட்டுக் காப்புறுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பண்டாரவளையில் இருக்கும் என் மாமாவுக்கு வீட்டுக் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. தொகையைப் பார்த்ததும் எனக்குப் போன் எடுத்தார். "மண்சரிவை எடுத்துவிடச் சொல்லிட்டேன் மருமகன். நமக்குப் பயம் தீதானே? வீட்டுக்கு மேல பைனஸ் மரம், கீழ மானாப்புல். மண் எங்க சரியப்போகுது?"

மலையகத்தில் பிரீமியம் கூடியதும் நடக்கும் முதல் தவறு இதுதான். தீயையும் சரிவையும் இரண்டு தனித்தனி ஆபத்துகளாக நினைத்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுகிறோம். மலை அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் காய்ந்த கச்சான் காற்றாக இறங்குகிறது. எல்ல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல பக்கமெல்லாம் மானாப்புல் எரிவது அப்போதுதான். ஒக்டோபரில் அதே சரிவில் மழை பிடிக்கும். புல்லும் சருகும் எரிந்துபோன மண்ணில் தண்ணீர் ஊறுவது குறைவு. மேல்மண்ணையும் கல்லையும் இழுத்துக்கொண்டு கீழே வரும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29. அது தீயால் வந்ததல்ல, மழையால் வந்தது; நான் மாதத்தைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளையும் கண்டியும் நுவரெலியாவும் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. ஆகஸ்டில் எரிந்த சரிவு நவம்பரில் வீட்டுக்குள் வந்தால், "தீக்குக் காப்புறுதி இருக்கிறதே" என்று சொல்லிப் பயனில்லை. காகிதத்தில் அது மண்சரிவு.

சரி, பிரீமியம் ஏன் ஏறுகிறது? உள்ளூர் நிறுவனங்கள் தங்கள் ஆபத்தில் ஒரு பங்கை வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்களிடம் கொடுத்து வைக்கின்றன. 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸில் வீடுகள் எரிந்த மாதிரி பெரிய இழப்புகளில் ஒரு பங்கு அவர்களுடைய கணக்கில் போய் விழும்போது, நம் நிறுவனங்களிடமும் கூட்டிக் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் 2022இல் ரூபா விழுந்து, சீமெந்தும் கம்பியும் தகரமும் விலை ஏறின. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இதில் நம் கையில் எதுவும் இல்லை. கையில் இருப்பது என்ன எடுக்கிறோம், எவ்வளவுக்கு எடுக்கிறோம் என்பது மட்டும்தான்.

அந்த "எவ்வளவுக்கு" என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பிரீமியத்தைக் குறைக்க வீட்டின் பெறுமதியைக் குறைத்துப் போடுவார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். வீட்டைத் திரும்பக் கட்ட 100 இலட்சம் ஆகும். நீங்கள் 40 இலட்சத்துக்குத்தான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள். குசினி எரிந்து 10 இலட்சம் நட்டம். 10 இலட்சம் 40க்குள் அடங்குகிறதே என்று நினைப்போம். ஆனால் பல ஒப்பந்தங்களில் சராசரி விதி என்று ஒன்று இருக்கும். நீங்கள் பெறுமதியில் நூற்றுக்கு 40தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே நட்டத்திலும் நூற்றுக்கு 40தான் கிடைக்கும். 4 இலட்சம். அதிலும் கழிவுத் தொகை, அதாவது நட்டத்தில் முதலில் நீங்களே தாங்க வேண்டிய பங்கு, போகும்.

சிலர் நேர்மாறாகக் காணியின் விலையையும் சேர்த்துப் போட்டு வீணாகக் கட்டுகிறார்கள். காணி எரியாது. தேவை திரும்பக் கட்டும் செலவு மட்டும்தான். மலையில் அது கொழும்புக் கணக்கில் வராது. லொறி ஏறாத வழியில் மணலைத் தலையில் சுமக்கும் கூலியும் இருக்கிறது, வீட்டைப் பிடித்து நிற்கும் அணைச்சுவரும் இருக்கிறது. அந்தச் சுவரைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால் காப்புறுதியில் அது சேராமல் போகலாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காட்டுத்தீ அடிப்படைத் தீக் காப்புறுதிக்குள் வருகிறதா, தனியாகச் சேர்க்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முகவர் வாயால் சொன்ன "எல்லாம் இருக்கு சேர்" என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் கழிவுத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். சிறிய நட்டங்களை நாமே தாங்கிக்கொண்டு, வீடே போகும் நட்டத்துக்கு மட்டும் காப்புறுதியை வைத்துக்கொள்வது என் பார்வையில் புத்தியான வழி. இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். புதியது கைக்கு வரும் முன் பழையதை நிறுத்திவிடாதீர்கள்.

வங்கிக் கடனுக்காக எடுத்த காப்புறுதியை நம்பி இருப்பவர்கள் அதன் தொகையைப் பாருங்கள். பெரும்பாலும் அது கடனைக் காக்கும், வீட்டை அல்ல.

எல்லப் பக்கம் இன்னொரு தவறு உண்டு. இரண்டு அறையை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, காப்புறுதியில் "குடியிருப்பு" என்றே வைத்திருப்பது. பின்பக்கம் தகரம் அடித்து இறக்கிய விறகடுப்புக் குசினியும் இப்படித்தான். சொல்லாமல் விட்டது இழப்பீட்டு நேரத்தில்தான் வெளியே வரும்.

தோட்டத்து ஆட்களுக்கு வேறு சிக்கல். லயன் அறை நம் பெயரில் இல்லை, ஆகவே கட்டடத்தைக் காப்புறுதி செய்வது கடினம். ஆனால் உள்ளே இருக்கும் சாமான்களுக்கு எடுக்க முடியுமா என்று கேட்கலாம். 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் உறுதிப் பத்திரம் கைக்கு வந்ததா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், துப்புரவு. தீக்குப் பயந்து வீட்டைச் சுற்றிப் புல்லை வேரோடு கொத்தி எறிகிறார்கள். சரிவான நிலத்தில் அது தீயிடமிருந்து தப்பி மண்ணிடம் மாட்டிக்கொள்வது. வேரை விட்டுவிட்டுக் குட்டையாக வெட்டினால் போதும். வெட்டிய புல்லை அங்கேயே கொளுத்தவும் வேண்டாம். கச்சான் காலத்தில் பல தீ அப்படித்தான் கிளம்புகிறது. வீட்டை எட்டுவது பெரும்பாலும் சுவாலை அல்ல, காற்றில் பறக்கும் பொறி. அது போய் உட்காரும் இடங்கள் பைனஸ் சருகு நிறைந்த பீலி, தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடைவெளி, சுவரோடு அடுக்கிய விறகு. பீலியை ஜூனுக்கு முன் அள்ளுங்கள், இடைவெளிக்கு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். செய்ததைப் படம் எடுத்து, புதுப்பிக்கும்போது நிறுவனத்திடம் காட்டிப் பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் யாரும் குறைக்க மாட்டார்கள்.

நட்டம் நடந்தால் அன்றே அறிவியுங்கள், பொலிஸில் முறைப்பாடு போடுங்கள், கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்குங்கள், மதிப்பீட்டாளர் வரும் முன் எரிந்ததை அள்ளிக் கொட்டாதீர்கள். நிறுவனத்தின் பதிலில் நியாயம் இல்லையென்றால், இப்படியான முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

மாமா மண்சரிவைத் திரும்பச் சேர்த்துவிட்டார், கழிவுத் தொகையைக் கூட்டிக்கொண்டார், பீலியையும் அள்ளிவிட்டார். விறகு மட்டும் இன்னும் குசினிச் சுவரோடுதான் நிற்கிறது. நனையாத இடம் வேறு இல்லையாம், மாமி சொல்கிறார்.