கார் ரிவ்யூவைச் சலித்து எடுப்பது எப்படி

புது கார் ஒன்றுக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில் இருபது வீடியோ வருகிறதா? அவற்றை ஒரே ரிவ்யூவாகக் கணக்கில் வையுங்கள். பெரும்பாலும் விமான டிக்கெட், ஓட்டல் அறை, ஓட்டும் பாதை, வீடியோ வெளியிடும் நேரம் எல்லாம் நிறுவனம் முடிவு செய்தவை. ஓட்டியவர் கையில் கார் இருந்தது சில மணி நேரம்தான். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்துக்குள் தெரிவது அவ்வளவுதான். இப்படிக் கிடைக்கும் பயணத்தையும் தங்கும் வசதியையும் பார்ப்பவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதைச் சொல்லியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

முதல் நாள் ரிவ்யூவில் எடுத்துக்கொள்ளத் தக்கவை: சீட் வசதி, ஓட்டுநருக்குத் தெரியும் பார்வை, வேகத்தில் நிலைத்தன்மை, எந்த வேரியன்ட்டில் எது கிடையாது என்ற விவரம். மைலேஜ், ஏசி, நெரிசலில் கியர் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட்டு நீங்களே சோதியுங்கள்.

கியரிலிருந்து தொடங்கலாம். மலைப்பாதையில் ‘வெண்ணெய் மாதிரி’ மாறிய டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்), மாலை ஆறரை மணிக்கு டைடல் பார்க் சிக்னலில் வேறு ஆள். உலர் கிளட்ச் வகை என்றால், ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடேறும். சூடு எல்லை மீறினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரும். ஏஎம்டியில் (சாதாரண கியர்பெட்டியையே தானாக மாற்றும் வகை) முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது தலை முன்னே ஆடுகிறதா, பார்க்கிங் சரிவில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பின்னால் உருளுகிறதா என்று பாருங்கள். காலியான சாலையில் ஒரு ரவுண்டு போதாது. நெரிசல் நேரத்தில் அரை மணி நேரம் வேண்டும் என்று ஷோரூமில் கேளுங்கள். மறுத்தால் அதே காருக்கு ஊரில் வேறு ஷோரூம் இருக்கும்.

சின்ன டர்போ பெட்ரோல் என்ஜினுக்கு ‘0-100’ நேரம் சொல்லிச் சிலாகிப்பார்கள். அண்ணா சாலையில் அதற்கு வேலையே இல்லை. 20-லிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு எத்தனை விநாடி என்று அளந்து போடும் பத்திரிகைகள் உண்டு. அந்த எண்தான் சிக்னல் தாண்டி லாரியை முந்த உதவும். கூடவே, 1,500 ஆர்பிஎம்முக்கு (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) கீழே கார் இழுக்காமல் சோம்புகிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

ஏசிக்கு ஏப்ரல், மே மாதப் பகல்தான் தேர்வுக்கூடம். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரில் பின் சீட்டில் உட்காருங்கள். இரண்டு நிமிடம் கண்ணாடியை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு, ரீசர்க்குலேஷன் (உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும் பட்டன்) போட்டு முழு வேகத்தில் வையுங்கள். பத்து நிமிடத்தில் பின்னால் இருப்பவருக்குக் குளிர வேண்டும். சிக்னலில் நிற்கும்போது காற்று வெதுவெதுப்பாகிறதா என்பது அதைவிட முக்கியம்: என்ஜின் சுழற்சி குறைந்தால் கம்ப்ரஸரும் மெதுவாகும், சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்கு எதிர்க்காற்றும் கிடையாது. சன்ரூஃபைப் புகழாத ரிவ்யூ அபூர்வம். அதன் மறைப்பு மெல்லிய துணியாக இருந்தால், மே மாதத்தில் தலைக்கு மேல் தோசைக்கல்தான்.

நிறுவனம் சொல்லும் மைலேஜ் ஆய்வகத்தில் உருளைமேல் ஏசி போடாமல் ஓட்டி அளந்தது. அதிகபட்ச வேகம் 90 கி.மீ. ரிவ்யூவர் காட்டும் டேஷ்போர்டு எண்ணும் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். டேங்க் டு டேங்க் கணக்கை மட்டும் நம்புங்கள்: ஒரே பங்க், ஒரே பம்ப், நாசில் தானாக நிற்கும்வரை மட்டும் நிரப்பி, குறைந்தது 300 கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பிய லிட்டரால் தூரத்தை வகுத்திருக்க வேண்டும். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வருவதற்கு முந்தைய ரிவ்யூ என்றால் அதிலும் கொஞ்சம் கழியுங்கள்.

சில சொற்களுக்கு அகராதி தேவை. ‘சிட்டிக்குத் தாராளம்’ என்றால் ஜிஎஸ்டி ரோட்டில் முந்தத் திணறும். ‘ஸ்போர்ட்டி சஸ்பென்ஷன்’ என்றால் பின் சீட்டுக்காரர் ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றையும் எண்ணுவார். ‘மூன்று பேர் உட்காரலாம்’ என்றால் நடுவில் ஒரு குழந்தை.

பாதுகாப்புக்கு ரிவ்யூவே வேண்டாம். பாரத் என்கேப் (காரை மோதவிட்டு நட்சத்திரம் தரும் இந்தியச் சோதனை) முடிவில் பெரியவர், குழந்தை மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் பாருங்கள்.

‘கிரவுண்ட் கிளியரன்ஸ்’ (தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) எண்ணைக் கேட்டு, மழைநீர் தேங்கும் வேளச்சேரிக்காரர்கள் நிம்மதி அடைய வேண்டாம். அது காலி காருக்கா, ஆள் ஏறிய காருக்கா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்து ஏர் இன்டேக் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். தண்ணீர் என்ஜினுக்குள் போவது அந்த வழியாகத்தான்.

விலை விஷயத்தில் வடநாட்டு ரிவ்யூ இங்கே செல்லாது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்சத்துக்கும் 10.10 லட்சத்துக்கும் விலையில் வித்தியாசம் 20,000 ரூபாய். வரியில் மட்டும் 53,000 ரூபாய். ‘இருபதாயிரம் சேர்த்தால் மேல் வேரியன்ட்’ என்ற ஆலோசனை இங்கே எடுபடாது.

அவசரமில்லையென்றால் ஆறு மாதம் பொறுங்கள். வாங்கிய முதல் மாதத்தில் உரிமையாளர் சொல்வது பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு. 10,000 கி.மீ. தாண்டியவர்கள் சொல்வதைத் தேடி, ஒரே பாகத்தைப் பற்றி ஒருவரையொருவர் அறியாத நான்கைந்து பேர் புலம்புகிறார்களா என்று பாருங்கள். டீலர் மீதான கோபத்தை கார் கணக்கில் எழுதாதீர்கள்.

கடைசியாக டெஸ்ட் டிரைவுக்கு நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டையே கேளுங்கள். ரிவ்யூவில் ஓடியது 17 இஞ்ச் அலாய், உங்களுடையது 15 இஞ்ச் என்றால் குலுக்கலும் மாறும், மைலேஜும் மாறும். வீட்டில் மூட்டுவலிக்காரர் இருந்தால் கட்டாயம் அழைத்துப் போய்ப் பின் கதவு வழியாக மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.